காத்து வாங்கப் போறீங்களா?

கார் ஷெட்டிலேயே குட்டி ஒர்க் ஷாப் போட ஆசையா? கம்ப்ரஸர் கடையில் ‘எத்தனை ஹெச்.பி., எத்தனை லிட்டர் டேங்க் சார்?’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: ‘நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்து வரும்? எந்த பிரஷரில்?’

கார் டயருக்குக் காத்தடிக்க 1 ஹெச்.பி.யே தாராளம். கதவுக்கு பெயிண்ட் அடிக்கணும்னா கதையே வேற! பெரிய ஸ்ப்ரே கன் நிமிஷத்துக்கு 8, 10 கன அடி குடிக்கும். சின்ன மெஷினுக்கு மூச்சு வாங்கும். பெயிண்ட் திட்டுத் திட்டாக விழும். டேங்க் பெரிசு என்று மயங்காதீர்கள். அது பேங்க் சேமிப்பு மாதிரி. சம்பளம் பம்பிலிருந்துதான் வரணும்.

பழசு சல்லிசாகக் கிடைக்கிறதா? காத்திலுள்ள ஈரம் டேங்க் அடியில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளிப் பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும். டிரெயின் வால்வைத் திறந்து பாருங்க. துருவும் தண்ணியுமாகக் கொட்டினால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம். வெடித்தால் ஆளையே காலி பண்ணிடும்!