இலாத்தரன் கல்தூபி
இலாத்தரன் கல்தூபி என்பது இத்தாலியின் ரோம் நகரில், புனித யோவான் இலாத்தரன் பேராலயத்தின் அருகே நிற்கும் பண்டைய எகிப்தியக் கல்தூபி ஆகும். ஒரே கல்லில் நான்கு பக்கங்களுடன் செதுக்கப்பட்டு, மேலே செல்லச் செல்லக் குறுகி, சிறு பிரமிடு வடிவில் முடிவது கல்தூபி. இன்றும் நிற்கும் எகிப்தியக் கல்தூபிகளில் சுமார் 32 மீட்டர் உயரமுள்ள இதுவே மிக உயரமானது.

கிமு 15ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மூன்றாம் துட்மோஸ், கர்நாக்கிலிருந்த அமூன் கோயிலுக்காக இதைச் செதுக்கச் செய்தார். அவர் இறந்தபின் 35 ஆண்டுகள் நிறுத்தப்படாமலேயே கிடந்த தூபியை, பேரன் நான்காம் துட்மோஸ் நிறுவினார். இச்செய்தி தூபியிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. கல்தூபிகளை இணையாக நிறுத்துவதே எகிப்திய வழக்கம். இது தனித்து நின்றது.

கிமு 30இல் எகிப்து ரோமானியர் வசமானது. கிமு 10இல் பேரரசர் அகஸ்டஸ் ஹெலியோபோலிஸ் நகரிலிருந்து இரண்டு தூபிகளை ரோமுக்குக் கொண்டுவந்தார். எகிப்து ரோமானிய மக்களின் ஆட்சிக்குள் வந்துவிட்டதென அவற்றின் பீடங்களில் பொறிக்கவும் செய்தார். ஆனால் கர்நாக் தூபியை அவர் தொடவில்லை. அதன் அளவைக் கண்டு அஞ்சிவிட்டார் என்று பிற்காலத்தில் அரசவை முகத்துதிக்காரர்கள் சொன்னார்கள். சூரியக் கடவுளுக்குரியது, கோயிலின் புனித இடத்தில் நிற்பது என்பதாலேயே விட்டுவைத்தார் என்கிறார் 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செல்லினஸ்.

பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கு அந்தத் தயக்கம் இல்லை. தூபியைப் பெயர்த்து நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பினார். 337இல் அவர் இறந்ததால் அது அங்கேயே கிடந்தது. ரோமுக்காகவே அவர் அதை எடுத்தார் என்பது அம்மியானஸின் கூற்று. அவருடைய மகன் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் பீடத்தில் பொறித்த செய்யுளோ, தந்தை அதைத் தம் பெயரால் அமைந்த கான்ஸ்டான்டினோபிளுக்கு விரும்பினார் என்கிறது.

இறுதியில் அது ரோமுக்கே சென்றது. 300 பேர் துடுப்பு வலித்த, அதுவரை காணப்படாத அளவிலான கப்பலில் கடலைக் கடந்தது. நகருக்குச் சற்றுத் தொலைவில் இறக்கப்பட்டு, தரைவழியே மெல்ல இழுத்துச் செல்லப்பட்டது. தேரோட்டப் போட்டிகள் நடந்த சர்க்கஸ் மாக்சிமஸ் அரங்கில், காடுபோல் நட்ட உயரமான மரங்களில் கயிறுகளைக் கட்டி, ஆயிரக்கணக்கானோர் திரிகை சுற்றுவதுபோல் உருளைகளைச் சுற்றி 357இல் அதை நிமிர்த்தினர்.

பேரரசு வீழ்ந்தபின் தூபியும் விழுந்து மண்ணில் புதைந்தது. 1587இல் மூன்று துண்டுகளாகக் கண்டெடுக்கப்பட்டது. திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸின் ஆணைப்படி, கட்டடக் கலைஞர் தொமெனிக்கோ பொன்தானா 1588இல் இப்போதைய இடத்தில் அதை நிறுவினார். சிதைந்த அடிப்பகுதியை வெட்டியதால் சுமார் 4 மீட்டர் உயரம் குறைந்தது. அமூனுக்காகச் செதுக்கிய கல்லின் உச்சியில் சிலுவை பொருத்தப்பட்டது.