மாலையைக் கழற்றிய பிறகு

விஸ்வகர்மா பூஜை முடிந்தால் தசரா. அடுத்து தீபாவளி, கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பன் மாலை, கிறிஸ்துமஸ், டிசம்பர் 31. வடக்கே வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு வருஷத்தின் கடைசி மாதங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. பலருக்கு இது பட்சணமும் பட்டாசுமான காலம். சில வீடுகளிலோ இந்த மாதங்கள் வந்தாலே பெண்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். இன்றைக்கு எந்த நிலையில் வந்து சேருவாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் வீடும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். அந்த நாளில் எங்கள் பதவிக்குப் பி.டபிள்யூ.ஐ. என்று பெயர். குளிர்காலம் எங்களுக்குச் சோதனைக் காலம். இரும்பு குளிரில் சுருங்கும். 1 கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி குளிர்ந்தால், தடை எதுவும் இல்லாதபோது சுமார் 34 சென்டிமீட்டர் குறுகிவிடும். ஆனால் அதைக் கட்டைகளோடு இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறோம். சுருங்க முடியாத இரும்புக்குள் இழுவிசை ஏறிக்கொண்டே போகும். பலவீனமான வெல்டு எங்கே இருக்கிறதோ, அங்கே படீரென்று விட்டுப்போகும். அதனால்தான் டிசம்பர், ஜனவரி இரவுகளில் பேட்ரோல்மேன்கள் விளக்கோடு தண்டவாளத்தில் நடந்துகொண்டே இருப்பார்கள்.

அந்த ஒரு இரவு

1997-ஆம் வருஷம் நான் முறையாக மாலை போட்டு, 41 நாள் விரதம் இருந்து, டிசம்பர் மூன்றாவது வாரம் சபரிமலை போய்த் திரும்பினேன். அந்த நாட்களில் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. "இவரா குடிகாரர்?" என்று என் மனைவியே ஆச்சரியப்பட்டாள். வீடு திரும்பி மாலையைக் கழற்றினேன். ஒரு வாரம் போயிற்று. டிசம்பர் 31 இரவு காலனி நண்பர் வீட்டில் பார்ட்டி. "அரே பாய், விரதம்தான் முடிந்ததே!" என்றார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

விடியற்காலை மூன்று மணிக்கு என் செக்ஷனில் ஒரு வெல்டு விட்டுப்போனது. பேட்ரோல்மேன் இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் மூடுபனியில் ஓடி, வண்டி வரும் திசையில் தண்டவாளத்தின் மேல் டெட்டனேட்டர்களை வைத்துவிட்டு, சிவப்பு விளக்கோடு நின்றார். சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் சாதனம் அது. மற்றவர் ஸ்டேஷனில் தகவல் சொல்லிவிட்டு என் வீட்டுக் கதவைத் தட்டினார். என்னால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. "சாருக்குக் கடுமையான காய்ச்சல்" என்று என் மனைவி ஹிந்தியில் சொன்னது காதில் விழுந்தது. அறை முழுவதும் வாடை. அவர் ஒரு கணம் நின்று, "சோனே தீஜியே, பஹன்ஜி" என்று சொல்லிவிட்டுப் போனார். தூங்கட்டும் என்று அர்த்தம். பக்கத்து செக்ஷன் இன்ஸ்பெக்டர் வந்து வேலையை முடித்தார். வண்டிகள் ஊர்ந்து கடந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என்னைவிடப் பல மடங்கு குறைந்த சம்பளக்காரர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, புத்தாண்டு இரவில் தெளிந்த புத்தியோடு நடந்திருக்கிறார். வண்டியில் வந்தவர்கள் பிழைத்தது அவர்களால்தான், என்னால் அல்ல. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

41 நாள் முடிந்தது எப்படி?

பிறகு டாக்டரிடம் போனேன். சிகிச்சை எடுத்தேன். எட்டு மாதம் நன்றாக இருந்தேன். 1998 செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜை. ஒர்க்ஷாப்பில் பிரசாதம், அதன் பின் பாட்டில். மறுபடியும் விழுந்தேன். அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். மன உறுதி இல்லாதவன் என்றால் 41 நாள் எப்படி இருந்தேன்?

விடை எளிது. மாலை போட்டவனுக்கு நாள் முழுவதும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. விடியுமுன் குளியல், மாலையில் பஜனை, நேரத்துக்குச் சாப்பாடு. கூடவே நாலு சாமிகள். வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்கிறார்கள். முக்கியமாக, ஒரு சாமியிடம் யாரும் கிளாஸை நீட்டுவதில்லை. மாலையைக் கழற்றிய அன்றே இந்த முட்டுகள் எல்லாவற்றையும் நாமே எடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது வெறும் சபதம். அது ஒரு பார்ட்டிக்குக்கூடத் தாங்காது.

ஆகவே மாலை இல்லாத நாட்களுக்கும் அதே ஏற்பாட்டைச் செய்துகொண்டேன். அந்த செப்டம்பருக்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

மாலைப் பொழுதுக்கு ஒரு திட்டம்

பண்டிகை மொத்தத்தையும் நினைத்துப் பயப்பட வேண்டாம். இன்றைய மாலைப் பொழுது மட்டும் நம் கணக்கு. பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கும்தான் மனிதனைத் தடுமாற வைப்பவை. பசியோடு பார்ட்டிக்குப் போகாதீர்கள். வீட்டிலேயே நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். போனதும் ஒரு கிளாஸ் எலுமிச்சை ஜூஸைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கை காலியாக இருந்தால்தான் அடுத்தவர் நிரப்ப வருவார். "நான் குடிப்பதில்லை" என்ற இரண்டு சொல் போதும். அல்சர், ஆன்டிபயாடிக் என்று காரணம் சொன்னால், அது தீர்ந்ததும் மறுபடி கேட்பார்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று மனைவியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்தவர் காரில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். தீபாவளிச் சீட்டுக் கச்சேரியைப் போல, போயே ஆகவேண்டும் என்று இல்லாத இடங்களுக்குப் போகாமலே இருக்கலாம்.

இன்னொன்று. விருந்துக்குப் பின் ஜீரணத்துக்கு என்று கொடுக்கும் அரிஷ்டம், ஆசவம் வகைகளில் புளிப்பால் உண்டான ஆல்கஹால் இருக்கிறது. கேக்கில் ரம் சேர்ப்பதும் உண்டு. கேட்டு, பார்த்துச் சாப்பிடுங்கள்.

தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். பிறகு புத்தி தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில், மருந்தோடும் வைட்டமின் பி1-ஓடும் நிறுத்துவதே பத்திரம். டைசல்ஃபிராம் மாத்திரையைக் கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் விபரீதமாகும். டாக்டர் சொல்லி, அவரே அறிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது.

போனா, பாரா?

1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்த பில் வில்சன், வேலை தோற்றுப்போய் ஹோட்டல் முன்கூடத்தில் நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம்தான். ஒரு பக்கம் பாரின் சிரிப்புச் சத்தம், மறுபக்கம் டெலிபோன். அவர் போனை எடுத்து, தன்னைப் போன்ற இன்னொரு குடி நோயாளியைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த இயக்கம் இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. கட்டணம் கிடையாது. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனி அமைப்பு உண்டு. இவ்வியக்கத்தினர் பத்திரிகையில் பெயர் போட்டுக்கொள்வதில்லை. இக்கட்டுரையில் என் பெயர் இல்லாததற்கும் அதுவே காரணம்.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும். தெரியாத ஊரில், வெறுமையான மாலையில், யாரைக் கூப்பிடுவது? அந்த நம்பரைப் பண்டிகைக்கு முன்பே சட்டைப் பையில் வைத்திருங்கள். அரசின் இலவச உதவி எண் 14446. மனநல உதவிக்கு 14416, அதில் தமிழிலும் பேசலாம். எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வுப்படி, குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிக்கு மேல். ஆகவே, நம் வீட்டில் மட்டும்தான் இந்த அவமானம் என்று யாரும் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். ஸ்டேஷனில் இறங்கியதும் மைத்துனர், "வடக்கேயிருந்து வந்திருக்கீங்க அத்தான், ஒண்ணே ஒண்ணு" என்பார். பாசம்தான். ஆனால் வேண்டாம் என்பவரை இரண்டாம் முறை கேட்காமல் இருப்பதுதான் உண்மையான உபசாரம். நம் சங்க விழாக்களிலும் உறுப்பினர் வீட்டு விசேஷங்களிலும் பானகமோ சூடான ஃபில்டர் காபியோ முதலில் கண்ணில் படும்படி வையுங்கள்.

மனைவிமார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "காய்ச்சல்" என்ற பொய் என் மானத்தைக் காப்பாற்றியது, என் நோயையும் சேர்த்துக் காப்பாற்றியது. விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் என் மனைவி, "என்னங்க, இனிமேல் யார் வந்து கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்வேன்" என்றாள். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு நன்றி சொல்கிறேன்.

ஒருவேளை தவறி விழுந்துவிட்டால்? எல்லாம் போயிற்று என்று மீதிப் பாட்டிலையும் காலி செய்யாதீர்கள். உடைந்த தண்டவாளத்தை நாங்கள் தூக்கி எறிந்துவிட்டு லைனை மூடுவதில்லை. உடனே கட்டுப்போட்டு, வேகத்தைக் குறைத்து வண்டியை விடுவோம். உறுதியானது தெரிந்த பிறகே பழைய வேகம். மனிதனுக்கும் அதே முறைதான். அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். மறுநாள் டாக்டரைப் பாருங்கள்.

இப்போதெல்லாம் டிசம்பர் 31 இரவு பத்து மணிக்கு நாங்கள் படுத்துவிடுகிறோம். மார்கழி அல்லவா, விடியற்காலை கோயிலில் பஜனையும் சுண்டலும் உண்டு. ஆனாலும் மூன்று மணி வாக்கில் எனக்கு விழிப்பு வந்துவிடும். மூடுபனியில் எங்கோ ஒரு பேட்ரோல்மேன் விளக்கோடு நடந்துகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். இன்றைக்கு அவர் வந்து கதவைத் தட்டினால் நானே எழுந்துபோய்த் திறப்பேன்.