பின்னணி மங்கினால் மட்டும் போதுமா? லென்ஸுக்குள் ஒளிந்திருக்கும் 'பொக்கே' ரகசியம்!

முகம் பளிச்... பின்னால் இருக்கும் சீரியல் லைட்டுகள் வட்ட வட்டமாக மங்கல். இப்படி ஒரு போட்டோ எடுக்க யாருக்குத்தான் ஆசையில்லை? இந்த மங்கலின் அழகுக்குப் பெயர் 'பொக்கே'. மங்கல் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல் இது. அமெரிக்காவின் 'போட்டோ டெக்னிக்ஸ்' இதழ் 1997-ல் எழுதிய பிறகு ஆங்கிலத்திலும் பரவியது.

லென்ஸ் வாங்கும் பலரும் 'எவ்வளவு மங்கும்?' என்று மட்டும்தான் கேட்கிறார்கள். 'எப்படி மங்கும்?' என்பதும் முக்கியம்.

நம்பர் ஒன்றுதான், ஆனால்..?

50 மி.மீ, எஃப் 1.8 கேமரா லென்ஸில் ஒளி நுழையும் வழியின் அகலம் சுமார் 28 மி.மீ. போன் கேமராவிலும் எஃப் 1.8 என்றே போட்டிருக்கலாம். ஆனால் அதன் குவியத்தூரம் 7 மி.மீ என்றால், அகலம் 4 மி.மீ-கூட வராது. அதனால்தான் 'போர்ட்ரெய்ட் மோடில்' சாஃப்ட்வேர் பின்னணியை மங்கவைக்கிறது. முடி ஓரங்கள் சில நேரம் வெட்டுப்பட்டுத் தெரிவதும் இதனால்தான்.

வட்டமா, ஐங்கோணமா?

மங்கிய விளக்கு, லென்ஸ் துவாரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். 1990-ல் வந்த கேனான் 50 மி.மீ எஃப் 1.8 லென்ஸில் 5 பிளேடுகள். துவாரத்தைச் சுருக்கினால் விளக்குகள் ஐங்கோணமாகும். 2015-ல் வந்த புதிய மாடலில் வளைந்த 7 பிளேடுகள். ஓரளவு சுருக்கினாலும் வட்டம் அவ்வளவாகக் கெடாது.

அடுத்தது கண்ணாடி. லென்ஸின் ஓரத்தில் நுழையும் கதிரும் நடுவில் நுழையும் கதிரும் ஒரே புள்ளியில் சேராமல் போவதுண்டு. இதை எப்படித் திருத்தியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே மங்கல் அமையும். வட்டத்தின் விளிம்பு பிரகாசமாக இருந்தால், பின்னால் உள்ள இலைகள் இரட்டையாகத் தெரிந்து கண்ணை உறுத்தும். விளிம்பு மெள்ள கரைந்தால் பின்னணி வெண்ணெய்போல வழுக்கும்.

இதற்காகவே மினோல்டா 1999-ல் ஒரு 135 மி.மீ லென்ஸைக் கொண்டுவந்தது. ஓரத்துக்குப் போகப் போகக் கறுக்கும் ஃபில்டர் அதனுள் உண்டு. மங்கல் பட்டுபோல வரும். பதிலுக்கு உள்ளே வரும் ஒளி குறையும்.

சோவியத் யூனியனின் 'ஹீலியோஸ் 44-2' நேரெதிர். ஓரங்களில் விளக்குகள் பூனைக்கண்போல நசுங்கி, பின்னணியே சுழல்வதுபோல் இருக்கும். இந்தக் குறைக்காகவே அதைத் தேடி வாங்குபவர்கள் உண்டு!

வாங்கும் முன் 2 நிமிடம்

ஒருவரை 1 மீட்டர் தூரத்தில் நிற்கவையுங்கள். அவருக்குப் பின்னால், தள்ளி, சின்ன விளக்குகளும் ஒரு செடியும் இருக்கட்டும். துவாரத்தை முழுதாகத் திறந்து ஒரு படம், சுருக்கி ஒரு படம். பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். விளக்கின் வடிவம், அதன் விளிம்பு, இலைகள், படத்தின் மூலைகள்... இந்த நான்கும் பிடித்திருந்தால் மட்டும் காசை எடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நம்பர் இதையெல்லாம் சொல்லாது.