சிங்கப்பூரில் இரவு தங்கல்... காலையில் வெளியே சுற்றலாமா? விசா விதி என்ன?

சென்னையிலிருந்து சிட்னி போறீங்க. இரவு சிங்கப்பூரில் இறங்கியாச்சு, அடுத்த விமானம் மறுநாள் மதியம்தான். காலையில் ஹோட்டல் அறையிலேயே கிடக்கணுமா?

இதை ஹோட்டல் புக் பண்ணும்போதே யோசிக்கணும். சாங்கி விமான நிலையத்தின் டிரான்சிட் பகுதிக்குள் இருக்கும் ஹோட்டலுக்கு விசா வேண்டாம். பலர் ஏமாறும் இடம் அடுத்தது: 40 மீட்டர் நீர்வீழ்ச்சி கொட்டும் 'ஜூவல்' கூட இமிகிரேஷனுக்கு வெளியேதான் இருக்கு!

இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா தேவை. ஆனால் வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா உள்ளிட்ட 8 நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவும், 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் டிக்கெட்டும் கையில் இருந்தால் விசா இல்லாமலே அனுமதி கேட்கலாம். முடிவு அதிகாரி கையில். ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படாது என்பதால் பிரிண்ட் எடுத்து வைங்க. 'எஸ்ஜி அரைவல் கார்டு' நிரப்புவது இலவசம்; காசு கேட்கும் தளங்கள் பக்கமே போகாதீங்க.

வெளியே வந்தாச்சா? நகரத்துக்கு ஓட வேண்டாம். பக்கத்திலேயே சாங்கி வில்லேஜ். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, சம்பலோடு நாசி லெமாக் அங்கே பிரபலம். சாப்பிட்டுக் கடற்கரைக்கு நடந்தால், விமானங்கள் தாழப் பறந்து இறங்குவதைப் பார்க்கலாம்.

கைக்கடிகாரத்தை மட்டும் இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வச்சுக்கோங்க!