நுரைக்குள் நீராவி இல்லை

எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தின் ஓரத்தில் தொங்கும் எஃகுக் குழாயைப் பாலுக்குள் விட்டுத் திறந்தால் ‘உஸ்’ஸென்று சீறும், சற்று நேரத்தில் பால் நுரைத்து எழும்பும். நீராவிதான் நுரையாகிறது என்று தோன்றும். இல்லை. குளிர்ந்த பாலைத் தொட்டதுமே நீராவி தண்ணீராகிவிடுகிறது. நுரைக்குள் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான்.

குழாய் முனை பாலின் மேற்பரப்பை ஒட்டி நிற்கும்போது, பாய்ந்து வரும் நீராவி அக்கம்பக்கத்துக் காற்றையும் பாலுக்குள் இழுத்துச் செல்கிறது. முனையை ஆழத்தில் அமிழ்த்திவிட்டால் காற்றுக்கு வழியில்லை. பால் சூடாகும், நுரைக்காது. (டம்ளரில் ஆற்றும் நம் காப்பியிலும் காற்றுதான் நுரையாகிறது. அங்கே ஆறிக்கொண்டே நுரைக்கும், இங்கே சூடேறிக்கொண்டே.)

மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸேரா 1901-இல் காப்புரிமை கோரிய இயந்திரத்தில், காப்பித்தூள் வழியே வெந்நீரைத் தள்ளியதும் நீராவி அழுத்தம்தான். 1940-களில் அக்கீலே காஜாவின் நெம்புகோல் இயந்திரம் வந்தபின் அந்த வேலை பிஸ்டனுக்குப் போனது. நீராவிக்குப் பால் மிஞ்சியது.

பாலைச் சூடாக்க நீராவியைவிடப் பொருத்தமானது வேறில்லை. 100 டிகிரியில் ஒரு கிராம் நீராவி தண்ணீராக மாறும்போது சுமார் 2,257 ஜூல் வெப்பத்தை விடுகிறது. அதனால் 200 கிராம் குளிர்ந்த பாலை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 20 கிராம் நீராவி போதும். அதையே கொதிநீர் ஊற்றிச் செய்யப் பார்த்தால், பாலைவிடத் தண்ணீர் அதிகமாகிவிடும்.

உள்ளே போன காற்றைப் பிடித்து வைப்பவை பாலின் புரதங்கள். அவற்றின் ஒரு பகுதி தண்ணீரை நாடும், இன்னொரு பகுதி விலகும். அதனால் குமிழியின் விளிம்பில் வரிசைகட்டி மெல்லிய படலமாகின்றன. கொழுப்பு இதற்கு இடைஞ்சல். வெதுவெதுப்புக்கும் கீழான சூட்டில் அது பாதி உறைந்தும் பாதி உருகியும் கிடந்து படலத்தைக் கிழிக்கும். 40 டிகிரியைத் தாண்டினால் முழுக்க உருகி, தொல்லை குறையும். கொழுப்பு நீக்கிய பால் தாராளமாக நுரைப்பது இதனால்தான். ஆனால் வாயில் வைத்தால் வெறும் பஞ்சு. என் ஓட்டு கொழுப்புள்ள பாலுக்கே.

காற்றைத் தொடக்கத்திலேயே, பால் வெதுவெதுப்பாவதற்குள் ஏற்றிவிட வேண்டும். பிறகு முனையைச் சற்று இறக்கி, பாலைச் சுழலவிட வேண்டும். அந்தச் சுழற்சியில் பெரிய குமிழிகள் உடைந்து சிறிதாகும். சிறு குமிழிக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் அதன் காற்று பெரியதற்குள் கசியும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் நுரை நெடுநேரம் நிற்கும். 60, 65 டிகிரியில் நிறுத்திவிடுங்கள். 70-ஐத் தாண்டினால் காய்ச்சிய வாடை வந்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் நுரை நிற்கவில்லையா? பாலைச் சந்தேகப்படுங்கள். கொழுப்பு சிதைந்து உண்டாகும் அமிலங்கள் புரதத்தைக் குமிழி விளிம்பிலிருந்து விரட்டிவிடும்.

முடிந்ததும் குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒருமுறை நீராவியைத் திறந்து விடுங்கள். மூடிய குழாய் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பாலை உறிஞ்சிக்கொள்ளும்; காய்ந்துவிட்டால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.