இறங்குவது சுலபம்... ஏறும்போதுதான் தெரியும்!

"டாக்டர், பையன் ஃபீனிக்ஸ்ல இருக்கான். மே மாசம் வரச் சொல்றான். கிராண்ட் கேன்யன்ல கூடாரம் போட்டுத் தங்கி, பள்ளத்தாக்குக்குள்ள நடந்தே இறங்கணுமாம். இவருக்கு பி.பி. மாத்திரை ஓடிட்டிருக்கு. போகலாமா?"

சமீபத்தில் என் கிளினிக்குக்கு வந்த ஓர் அம்மா கேட்டது இது. கணவருக்கு வயது 62. "தாராளமா போங்க" என்றேன். கூடவே, 2019-ல் நான் அங்கே பட்ட பாட்டையும் சொன்னேன்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆறு பாறையை அறுத்து உண்டாக்கிய பெரும்பள்ளம்தான் கிராண்ட் கேன்யன். அதன் தென் விளிம்பில், பைன் மரங்களுக்கு நடுவே மேதர் முகாம் இருக்கிறது. உயரம் சுமார் 2,100 மீட்டர். ஏறக்குறைய நம் ஊட்டிதான்! மே மாதத்திலும் ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. முதல் நாள் கொஞ்சம் மூச்சு வாங்கும். அன்று நடையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆறு ஓடுவதோ அங்கிருந்து சுமார் 1,400 மீட்டர் கீழே. அது பாலைவனம். 300 மீட்டர் இறங்கினால் வெப்பம் சுமார் 3 டிகிரி கூடும். ஜூலையில் மேலே 28 டிகிரி என்றால், கீழே 40-ஐத் தாண்டும். மேலே குறிஞ்சி, கீழே பாலை. பாலை நிலம் முப்பிணிக்கும் இருப்பிடம் என்கிறது சித்த மருத்துவம். அதைப் பரீட்சையில் எழுதிப் பாஸானவன் நான். என்ன பிரயோஜனம்?

பிரைட் ஏஞ்சல் பாதையில் காலை எட்டு மணிக்கு மகள், மாப்பிள்ளையோடு இறங்கினேன். (முழங்கால் வலி என்று என் மனைவி முகாமிலேயே இருந்துவிட்டார். கெட்டிக்காரி!) வெறும் வயிற்றில்தான் நடக்கணும் என்பது என் பிடிவாதம். ஓர் ஆப்பிளோடு கிளம்பிவிட்டேன். கால் தானாகப் போனது. ஒன்றரை மைலில் ஒரு கொட்டகை. "போதும்ப்பா, திரும்பலாம்" என்றாள் மகள். எனக்கு வேர்க்கக்கூட இல்லை. "பழனி மலை ஏறினவனுக்கு இது ஒரு தூரமா?" என்று மூன்றாவது மைல் கொட்டகை வரை போய்விட்டேன்.

அங்கேதான் தப்புக் கணக்கு. பழனியில் முதலில் ஏற்றம். முடியாவிட்டால் உடம்பு பாதியிலேயே சொல்லிவிடும், திரும்பிவிடலாம். இங்கே தலைகீழ்! தெம்பாக இருக்கும்போது இறக்கம். களைத்த பிறகு, உச்சிவெயிலில் ஏற்றம். இறங்க ஒரு மணி நேரம் என்றால் ஏற இரண்டு மணி. வேர்க்கவில்லை என்று நினைத்ததும் தப்பு. ஈரமில்லாத காற்றில் வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது. நீரோடு உப்பும் போவது நமக்குத் தெரிவதில்லை.

பயத்தில் வெறும் தண்ணீராக மூன்று லிட்டருக்கு மேல் குடித்தேன். குமட்டல், தலைவலி. விரலில் மோதிரம் இறுக்கியது. "இன்னும் குடிங்க மாமா" என்று மாப்பிள்ளை பாட்டிலை நீட்ட, அந்த வழியாக வந்த ரேஞ்சர் ஒருவர் தடுத்துவிட்டார். கடைசியாக என்ன சாப்பிட்டேன், சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டார். அடிக்கடி, தண்ணீர் மாதிரி போகிறது என்றேன். நிழலில் உட்காரவைத்து, உப்பு பிஸ்கட் கொடுத்து, சட்டையை நனைத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். மேலே வந்து சேர மணி நான்கு!

ரத்தத்தில் சோடியம் குறைவதும், வெயிலில் நீர் வற்றுவதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நீர் வற்றியவருக்குச் சிறுநீர் குறைந்து, மஞ்சளாகப் போகும். உப்பு குறைந்தவருக்கோ மேலும் வெறும் தண்ணீர் கொடுப்பதே ஆபத்து. முற்றினால் வலிப்பு வரை போகும். பேச்சு குழறினால், நினைவு தடுமாறினால் கைவைத்தியம் வேண்டாம். உடனே ரேஞ்சருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

"சூரணம், லேகியம் ஏதாவது தர்றீங்களா?" என்றார் அந்த அம்மா. அதற்கெல்லாம் அங்கே வேலையில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொண்டுபோங்கள். நடுநடுவே உப்புக்கடலையும் கொறிக்கலாம். கணவரின் மாத்திரையை வாங்கிப் பார்த்தேன். நீர் பிரிக்கும் மருந்தும் அதில் சேர்ந்திருந்தது. நீரையும் உப்பையும் வெளியேற்றுகிற மருந்து அது. எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது என்றேன். நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு நடையில் சர்க்கரை இறங்கும். மருந்தும் வெயிலில் கெடும்.

கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை உள்ளே நடக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. ஆற்றோரம் பிரைட் ஏஞ்சல் முகாம் இருக்கிறது, அனுமதி வாங்கித்தான் தங்க முடியும். ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்பும் யோசனையே வேண்டாம். கொட்டகைக் குழாய்களை நம்பாமல், தண்ணீர் வருகிறதா என்று அன்று காலையே விசாரியுங்கள்.

"அப்ப எவ்வளவு தூரம்தான் போகலாம்?" என்றார் கணவர், கொஞ்சம் வருத்தமாக.

"முதல் கொட்டகை வரைக்கும். விடியும்போதே கிளம்பி, அங்க உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுட்டுத் திரும்பிடுங்க."

"ஆத்தைப் பார்க்க முடியாதா?"

"டெசர்ட் வியூன்னு ஓர் இடம் இருக்கு. கார்லயே போகலாம். அங்க நின்னா ஆறு நல்லாத் தெரியும்."