நீரைச் செலவிடாத ஆலை

உத்தரகாண்ட் மாநிலத்தின் கட்வால் மலைப்பகுதியில் ஓடைக்கரை ஒன்றினை அணுகியபோது முதலில் காதில் விழுந்தது கல் சுழலும் ஓசையே. சிறியதொரு கல்வீடு, அதன் அடியிலிருந்து நுரைத்து வெளியேறும் நீர், உள்ளே மாவின் மணம். இதுவே ‘கராட்’ எனப்படும் நீர்த்திரிகை. இமயமலைச் சிற்றூர்களில் கோதுமையையும் கேழ்வரகையும் தலைமுறை தலைமுறையாக அரைத்துத் தந்த இவ்வாலை, இன்றும் சில ஓடைகளில் இயங்கி வருகின்றது.

இதன் அமைப்பு எளியது. ஓடையின் மேற்பகுதியிலிருந்து சிறு வாய்க்கால் நீரைக் கொணர்கிறது. சாய்வாக நிறுத்திய மரத்தொட்டியின் வழியே அந்நீர் விரைந்திறங்கி, கிடைமட்டச் சக்கரத்தின் மர அலகுகளைத் தாக்குகிறது. சக்கரத்தின் அச்சு, அசையாத அடிக்கல்லின் துளை வழியே மேலெழுந்து மேற்கல்லைச் சுழற்றுகிறது. தானியக் கூடையோடு இணைந்த குச்சியொன்று சுழலும் கல்லின்மீது துள்ளுவதால், தானியம் சிறிது சிறிதாக விழுகிறது. கல் நின்றால் தானியமும் நின்றுவிடும்.

எரிபொருட் செலவு இல்லை. கூலியும் மரபுப்படி மாவில் ஒரு பங்கே. ஆதலின் கையில் காசில்லாத குடும்பமும் அரைத்துச் செல்லலாம். ஆயினும் வேகம் குறைவு. டீசல் ஆலைகளும் மின் ஆலைகளும் வந்தபின் மக்கள் அவற்றை நாடியதில் வியப்பில்லை.

இக்குறையை நீக்க இயலும். வினாடிக்கு 50 லிட்டர் நீர் 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். அதன் திறன் ஏறத்தாழ 2 கிலோவாட். மரச்சக்கரம் அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பெறுமாயின் 400 வாட் மட்டுமே கிட்டும். வளைந்த இரும்பு அலகுகளைப் பொருத்திப் பாதியைப் பெற்றால் 1 கிலோவாட் கிட்டும். பகலில் மாவரைத்து, இரவில் விளக்கேற்றலாம். இத்தகைய சீரமைப்புக்கு மைய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் நிதியுதவி அளித்துள்ளது.

ஆனால் சக்கரத்தைச் செப்பனிடுவது மட்டும் போதாது. முன்பு ஆண்டு முழுவதும் சுழன்ற கல் இப்போது கோடையில் நின்றுவிடுகிறது என்றார் ஆலையை நடத்தும் பெரியவர். ஊற்று வற்றினாலும், மேலே மின் திட்டத்திற்கென ஓடை திருப்பப்பட்டாலும், கீழுள்ள ஆலை ஓய்ந்துவிடும். 1917ஆம் ஆண்டின் குமாவுன் நீர் விதிகள் ஓடைகள்மீது அரசின் அதிகாரத்தை நிலைநாட்டின. 1975ஆம் ஆண்டின் குமாவுன், கட்வால் நீர்ச் சட்டம் நீர்மீது தனியாருக்கும் சிற்றூர்களுக்கும் இருந்த மரபுரிமைகளை நீக்கியது. ஆகவே, நீரைப் பங்கிடும் பொறுப்பு அரசையே சார்ந்ததாகிறது.

இங்கு ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. இவ்வாலை நீரைச் செலவிடுவதில்லை. நீரின் வீழ்ச்சியை மட்டுமே பயன்கொள்கிறது. சக்கரத்தைச் சுழற்றிய அதே நீர் கீழுள்ள வயலுக்கும் பாய்கிறது. ஓடையைத் திருப்பும் திட்டங்களின் வரவு செலவுக் கணக்கில், நின்றுபோகும் கராட்டுகளின் இழப்பும் ஒரு செலவாக இடம்பெற வேண்டும். அவ்வாறு கணக்கிடாத திட்டம், ஓர் ஊருக்கு ஒளி தந்து மற்றோர் ஊரின் அடுப்பை அணைப்பதாக முடியும்.